புது ஆளைக் கேட்கக் கூடாது

பாலகாட், கோலார் தங்கவயல்
9-9-2024

கயல்விழி என்கிற பெண்ணுக்கு,
(பிரின்சிபால் அவர்கள் மூலமாக)

பாலகாட் முனியப்பன் எழுதுவது. நளினியின் தாத்தா. அவள் பெங்களூரில் உன் காலேஜில் பி.காம். முதல் வருடம். நீ மூன்றாம் வருடமாம். உன்னை நான் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நானே எழுதுகிறேன். எழுபது வயதுவரை கைநாட்டு வைத்தவன். இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் மரியகுழந்தை டீச்சரின் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். இப்போது தீப்பெட்டி, மாத்திரை அட்டை, சினிமா போஸ்டர், செத்தவர்களுக்கு ஒட்டுகிற நோட்டீஸ், எது கண்ணில் பட்டாலும் படிக்கிறேன். தெருவில் நடந்தால் சுவரெல்லாம் என்னைக் கூப்பிடுகிறது. எழுதுவதுதான் மெதுவாக வரும். பென்சிலில் எழுதுகிறேன், தப்பு வந்தால் அழிக்கலாம் என்று. உன்னைத் திட்டுகிற இடங்களை மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறேன். அவற்றை அழிக்கிற எண்ணம் இல்லை.

போன வாரம் பங்காருபேட்டைக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. பாலகாட் சுவரில் இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். அங்கே தமிழ்ப் போஸ்டர் ஒட்டுவார்கள், படித்துவிட்டு மத்தியான வண்டியில் திரும்பலாம் என்று போனேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சில் நளினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலேஜ் பை. மடியில் டிபன் பாக்ஸ். காலையில் பெங்களூர் வண்டி ஏறியவள் அங்கேயே இறங்கியிருக்கிறாள்.

"இன்னாம்மா, காலேஜ் இல்லியா?" என்றேன்.

அவள் டிபன் பாக்ஸைப் பைக்குள் தள்ளினாள். "கயல் அக்காவுக்குத் தெரியும் தாத்தா" என்றாள். வேறு எதைக் கேட்டாலும் அதே பதில். மூன்று வாரமாகப் பாதி நாள் அந்தப் பெஞ்சில்தான் இருந்திருக்கிறாள் என்பதை அங்கே டீ விற்கிறவன்தான் சொன்னான்.

நீ அவளுக்கு மென்டர் என்றார்கள். அப்படி என்றால் என்ன என்று டீச்சரைக் கேட்டேன். புதிதாக வந்த பிள்ளைகளைப் பழைய பிள்ளைகள் கூட இருந்து கைபிடித்து நடத்துவது என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுரங்கத்தில் எங்களுக்கும் அது உண்டு. புது ஆளைப் பழைய ஆளோடு போடுவார்கள். இறங்கும்போது, ஆளைக் கீழே கொண்டுபோகும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பழைய ஆள் முதலில் ஏறுவான். ஷிப்ட் முடிந்ததும் புது ஆளை முதலில் மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் வருவான். புது ஆள் மேலே வராமல் பழைய ஆள் மட்டும் வந்து நின்றால் அவனுக்கு ஊரில் யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

நீ அவளைக் கீழே விட்டுவிட்டு மேலே வந்து நிற்கிறாய். தெரிந்தே நிற்கிறாய். வெட்கம் இல்லாத பெண்ணே, ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

அவள் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். போன வாரம்கூட, கடலுக்கு அடியில் மலைகள் இருக்கின்றன, சில மலைகளில் நெருப்பு எரிகிறது என்று காலேஜில் படித்ததைச் சொன்னாள். நான் எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் போய்ச் சொன்னேன். அப்படிப்பட்ட பெண்ணை நீ கெடுத்துவிட்டாய்.

போனில் பேசலாமே என்று என் மகள் செல்வி சொன்னாள். போனில் கத்தினால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை எங்கே வைத்தாலும் அது கத்திக்கொண்டே இருக்கும்.

பதில் வரவேண்டும்.

மு. முனியப்பன்
(இந்தக் கையெழுத்தும் நானே)

*

பெங்களூர்
16-9-2024

மதிப்பிற்குரிய முனியப்பன் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரின்சிபால் என்னை நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைத் திட்டியதை எல்லாம் நானே சத்தமாகப் படித்து, நானே கன்னடத்தில் மாற்றிச் சொன்னேன். "வெட்கம் இல்லாத பெண்ணே" என்பதற்கு நல்ல கன்னடம் தேடினேன். கிடைத்தது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எழுத்து மூலம் பதில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் போடுகிறேன். இல்லாவிட்டால் போட்டிருக்கமாட்டேன்.

மென்டர் என்றால் ஆயா இல்லை ஐயா. எனக்கு என் படிப்பு இருக்கிறது. சனிக்கிழமை ஒரு ரெஸ்டாரன்டில் பில் போடும் வேலை இருக்கிறது. இதற்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை, கடைசியில் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். எனக்குக் கொடுத்த ஜூனியர்கள் எட்டுப் பேர். அவர்களை யாரும் கேஜில் ஏற்றி இறக்குவதில்லை. வகுப்பு எங்கே இருக்கிறது, பஸ் பாஸுக்கு யாரைப் பார்ப்பது, எந்த சாரிடம் எப்படிப் பேசுவது, இதைச் சொல்லத்தான் நாங்கள். அதோடு மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதவர்கள் வந்து பேசினால் காது கொடுப்பது.

அப்படிப் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. வீட்டில் சொல்லக் கூடாது, டீச்சரிடம் சொல்லக் கூடாது, மற்ற ஜூனியரிடம் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லலாம். முதல் நாளே எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். நளினி என்னிடம் என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு வராது. இன்னும் பத்துக் கடிதம் போட்டாலும் வராது.

அந்தப் பெஞ்சில் இருந்து அவளை எழுப்பிக்கொண்டு வர நான் என்னென்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஒழுங்காக வகுப்புக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். அந்த மறுநாள் வரவில்லை. ஏன் என்று நீங்களே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானும் தங்கவயல்தான். சாம்பியன் ரீப்ஸ். எங்க தாத்தாவும் கேஜில் இறங்கினவர்தான். சுரங்கத்தைக் காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம்.

ஏழாவது வரை தமிழ் மீடியம் படித்தேன். அதற்குப் பிறகு தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. அது உங்களைத் திட்டுவதற்கு ஆகிவிட்டது.

இப்படிக்கு
கயல்விழி

*

பாலகாட்
24-9-2024

கயல்விழிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் ரவிகுமார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம் இது. பிரித்து, ஒரு எழுத்தும் விடாமல், யாருடைய உதவியும் இல்லாமல் படித்தேன். படித்து முடித்ததும் வாசலில் நின்று சிரித்தேன். என்ன தாத்தா நல்ல சேதியா என்று பக்கத்து வீட்டு மமதா கேட்டாள். "ஒரு பொண்ணு என்னைத் திட்டி எழுதியிருக்குதும்மா, முழுசாப் படிச்சுட்டேன்" என்றேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். மற்றது கோபம். கீழே வருவதெல்லாம் பேனா.

ரகசியமாம். வெளியே சொல்லக் கூடாதாம். சுரங்கத்துக்குக் கீழே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேலே பாறை சத்தம் போட்டால் எவன் காதில் விழுகிறதோ அவன் எல்லோருக்கும் கத்திச் சொல்லவேண்டும். மேஸ்திரியா, கூலியா, புது ஆளா, பழைய ஆளா என்று பார்ப்பதில்லை. ஏர் பிளாஸ்ட் வந்து பாறை வெடித்து விழுந்தால் ரகசியம் காப்பாற்றினவனும் சேர்ந்துதான் அடியில் கிடப்பான். உன் காதில் சத்தம் விழுந்தது. நீ வாயை மூடிக்கொண்டாய். அதற்கு ஒரு சட்டத்தைக் காட்டுகிறாய். உன்னைப் போன்ற பழைய ஆளோடு ஒரு ஷிப்ட் போட்டிருந்தால் நான் இன்றைக்கு உயிரோடு இருந்து எழுதப் படிக்கக் கற்றிருக்கமாட்டேன்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பிரின்சிபாலுக்குத் தனியாக இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணை இந்த வேலையிலிருந்து எடுங்கள், புதுப் பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று. அதை டீச்சர் கன்னடத்தில் எழுதிக்கொடுத்தார். கன்னடத்தில் சத்தமாகத் திட்ட வராது என்றார். மரியாதையாகத் திட்டியிருக்கிறார்.

நளினியின் ரயில் பாஸை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். செல்வி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். அங்கே கூட இருக்கும் ரத்தினம்மாவின் மருமகள் பங்காருபேட்டை கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். தீபாவளி கழிந்ததும் ஆள் எடுக்கிறார்களாம். பெஞ்சில் உட்காரப் போகிற பெண் தையல் மெஷின் முன்னால் உட்காரட்டும்.

மு. முனியப்பன்

*

பெங்களூர்
3-10-2024

முனியப்பன் அவர்களுக்கு,

வாழ்த்துகள். என்னை எடுத்துவிட்டார்கள்.

எட்டு ஜூனியர்களையும் ராகேஷ் என்கிற பையனிடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன். தமிழ் தெரியாது. தங்கவயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது. மற்ற ஏழு பேரில் மூன்று பேர் நேற்று ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார்கள். "நான் இனி உங்களுக்கு மென்டர் இல்லை, போங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒருத்தி அழுதாள். அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதத்தான் கற்றுக்கொண்டுவிட்டீர்களே.

நளினி வகுப்புக்கு வராமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு அட்டெண்டன்ஸ் குறைகிறது. முக்கால்வாசி நாளாவது வந்திருக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இந்த மாதம் பாதிக்குள் திரும்பி வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், டீச்சர்களிடம் கேட்டுவிட்டேன். அதற்கு மேல் போனால் இந்த வருடம் போய்விடும். முதல் வருடம் போனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. நான் பார்த்திருக்கிறேன். என் பேட்சில் சாம்பியனிலிருந்து ஐந்து பேர் சேர்ந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

இதை மென்டராக எழுதவில்லை. நான் இப்போது யாரும் இல்லை.

கயல்விழி

*

பாலகாட்
10-10-2024

கயல்விழிக்கு,

எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். நான் போட்ட கடிதம் பெங்களூர் வரை போய் ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறது. சுரங்கத்தில் முப்பது வருடம் நான் சொன்னது எதுவும் நடந்ததில்லை. பாதி டீயில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தில் பேனா கொஞ்சம்தான். அதற்காக நீ ஜெயித்ததாக நினைக்காதே.

நளினி பேசுவதில்லை. செல்வியோடு பேசுகிறாள், பக்கத்து வீட்டில் பேசுகிறாள், என்னோடு இல்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருகிறாள். சாயங்காலம் நான் சிலேட்டுப் பலகையை எடுத்து வாசலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். முன்பெல்லாம் பக்கத்தில்தான் இருப்பாள். ரயிலை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாக நான் கேட்பேன், "இன்னிக்கு இன்னா புதுசா கத்துக்கினே? சொல்லு, நான் இன்னிக்கு மூணு போஸ்டர் படிச்சேன்" என்று. அவளும் ஏதாவது சொல்லுவாள். வீட்டுக்கு அதுதான் சந்தோஷமான நேரம். லைனில் எல்லோரும் பார்ப்பார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே கிளாஸ் என்று நானே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

இப்போது அது இல்லை. கார்மென்ட்ஸ் என்று நான் சொன்னதற்கு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி தாத்தா" என்றாள். பேசாமல் சரி என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

உன்னைக் கெஞ்சவில்லை. கேட்கிறேன். அவள் உன்னிடம் என்ன சொன்னாள்? நீதான் இப்போது மென்டர் இல்லையே. அந்தச் சட்டம் உனக்கு இப்போது இல்லை. சொல்லித் தொலை.

மு. முனியப்பன்

*

பெங்களூர்
14-10-2024

முனியப்பன் தாத்தாவுக்கு,

என்னை எடுத்துவிட்டதால் அவள் சொன்னது என்னை விட்டுப் போய்விடாது. அதனால் நான் சொல்லமாட்டேன் என்றுதான் இருந்தேன். நேற்று நளினி போன் செய்தாள். மமதா வீட்டுப் போனில். "நீங்களே எழுதிடுங்க அக்கா, என்னால அவர் மொகத்தைப் பாத்து சொல்ல முடியாது" என்றாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

அவள் பன்னிரண்டாவது வரை கன்னட மீடியம். இங்கே முதல் நாள் முதல் வகுப்பிலிருந்து எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியவில்லை. ஒரு தடவை எழுந்து நின்று சந்தேகம் கேட்டாள். பாதி கன்னடம், பாதி தமிழ் கலந்து வந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. முதல் டெஸ்டில் எல்லாப் பாடத்திலும் பெயில். இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எனக்கும் இப்படித்தான் இருந்தது. நிறையப் பேருக்கு இப்படித்தான். இரண்டு மாதம் தாங்கினால் காது பழகிவிடும். மத்தியானத்தில் லைப்ரரியில் வைத்து அன்றைய பாடத்தை நம் பேச்சில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளால் வகுப்பைத் தாங்க முடிந்தது. சாயங்காலத்தைத் தாங்க முடியவில்லை.

தினமும் வீட்டு வாசலில் நீங்கள் பலகையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். தெருவே பார்க்கிறது. நீங்கள் மூன்று போஸ்டர் படித்தீர்கள், அவள் என்ன படித்தாள்? "எழுவது வயசுல எனக்கே ஏறுது, உனக்கு ஏறாதா" என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்களாம். நீங்கள் சந்தோஷத்தில் சொல்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. ஒன்றும் ஏறவில்லை என்று சொன்னால் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று பயந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தாள். நீங்கள் அதை லைன் முழுக்கக் கொண்டுபோனீர்கள். அடுத்த நாளைக்கு வேறு ஒன்று தேவைப்பட்டது. அதற்கு அடுத்த நாளைக்கு இன்னொன்று.

கடலுக்கு அடியில் இருக்கும் நெருப்பு மலை காலேஜில் படித்தது இல்லை. பி.காமில் கடல் வராது தாத்தா. பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் வேர்க்கடலை மடித்துக்கொடுத்த பேப்பரில் படித்தது. அவள் வகுப்புக்கு வராமல் அங்கே உட்கார்ந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சாயங்காலம் உங்களுக்குச் சொல்ல ஏதாவது தேடிக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்துப் பழக்கம் எல்லாம் எனக்கு எழுதினீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்க வீட்டில் தாத்தா சொல்லுவார். உங்கள் லைனிலும் இருந்திருக்கும். புது ஆள் ஷிப்ட் முடித்து மேலே வந்தால் முதல் மாதம் வீட்டில் யாரும் கீழே எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது. பெண்டாட்டி கேட்கக் கூடாது, அம்மா கேட்கக் கூடாது. தண்ணீர் ஊற்றவேண்டும், சோறு போடவேண்டும், தூங்க விடவேண்டும். கேட்டால் அவன் பயத்தை மறைக்கப் பொய் சொல்லுவான். பொய் சொன்னவன் மறுநாள் இறங்கமாட்டான்.

நான் அவளைக் கீழே விட்டுவிட்டு வந்தேன் என்றீர்கள். அவள் தினமும் ஒழுங்காக மேலேதான் வந்தாள். வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

கயல்விழி

*

பாலகாட்
19-10-2024

கயல்விழிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பிறகு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். எனக்கு வந்ததில் அதுதான் நீளமான கடிதம். பாதி படித்திருந்தேன், மீதியைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒட்டின இடத்தில் எறும்பு வந்தது. எறும்பைத் தள்ளித் தள்ளிப் படித்தேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தும் வைத்தேன். நளினி குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், கையில் ஒட்டுப்போட்ட கடிதத்தைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

எங்கள் லைனிலும் அந்தப் பழக்கம் இருந்தது. என் முதல் மாதத்தில் என் அப்பா என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. அவருக்கு என் மேல் அக்கறை இல்லை என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு விஷயத்தை, இருபது வயதுப் பெண் திட்டி எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகவும் உன் மேல் எனக்குக் கோபம்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸைச் சாமி மாடத்தில் வைத்தேன். எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு கேள்வி மாதிரி ஆகிவிடும் என்று பயம். மறுநாள் அது அங்கே இல்லை.

நேற்று நானே வண்டி ஏறி உன் காலேஜுக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. பிரின்சிபால் அறைக்கு வெளியே நெடுநேரம் உட்காரவைத்தார்கள். நல்லதுதான், அங்கே போர்டில் தமிழ் ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய், "அந்தப் பொண்ணை எடுக்கச் சொன்னது நான்தாங்க, திரும்பப் போடுங்க" என்று கன்னடத்தில் சொன்னேன். ஏன் மனசு மாறியது, அவள் நல்ல பெண்ணா என்று கேட்டார்.

"நல்ல பொண்ணுன்னு நான் சொல்லலைங்க. வாய் ரொம்ப ஜாஸ்தி. ஆனா அவளையே போடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நளினிக்கு நாள் குறைந்ததைப் பற்றியும் கேட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுங்கள் என்றார். உடம்பு நன்றாக இருந்தது, தப்பு என்னுடையது என்று எழுதிக்கொடுத்தேன். தமிழில் எழுதினேன். அங்கே இருந்த கிளார்க்கம்மா லூயிசா படித்துச் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள்.

நீ மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது பேனாவில்.

மு. முனியப்பன்

*

பெங்களூர்
24-10-2024

தாத்தாவுக்கு,

திரும்பப் போட்டுவிட்டார்கள். வாய் ஜாஸ்தி என்று நீங்கள் சொன்னதைப் பிரின்சிபால் டீச்சர்கள் ரூம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது என் வகுப்பே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நளினிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற திங்கள்கிழமையிலிருந்து ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் பரீட்சை கிடையாது.

மூன்று வாரம் அதிகம்தான். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன், ஆனால் இங்கே யாரிடமாவது உதவி கேட்டிருக்கலாம். என்னாலேயே முடியும் என்று நினைத்தேன். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாம்பியனுக்கு வீட்டுக்கு வருகிறேன். திங்கள்கிழமை காலை வண்டியில் நான் ஏறி வருவேன். உங்கள் பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில் நளினி ஏறட்டும், முதல் பெட்டி. பங்காருபேட்டையில் அவளை இறங்க விடமாட்டேன். முதல் வாரம் தினமும் சாம்பியனிலிருந்தே போகிறேன், சாயங்காலம் அவளோடு கூடவே திரும்புகிறேன். அவள் முதலில் இறங்குவாள், நான் அடுத்து இறங்குவேன். உங்கள் கேஜ் கணக்கு சரியாகிவிட்டதா?

நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். சாயங்காலம் வாசலில் பலகையோடு உட்கார வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

கயல்விழி

*

பாலகாட்
29-10-2024

கயல்விழிக்கு,

முடியாது என்று நீ பேனாவிலேயே எழுதியிருந்ததால் செய்து காட்டினேன்.

நேற்று ஸ்டேஷனுக்கு வரவில்லை. வாசலில் உட்காரவில்லை. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் பலகையை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். வாசலைப் பார்த்தாள். நான் அங்கே இல்லாததால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள். நளினி என் எதிரில் உட்கார்ந்து, சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டாள். இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள், கேட்கப்போகிறேன் என்று. நான் வெற்றிலையை மென்றேன்.

மமதா வாசலில் வந்து, "இன்னா தாத்தா, இன்னிக்கு கிளாஸ் இல்லியா? பேத்தி இன்னா கத்துக்கினு வந்துது?" என்று கேட்டாள். எச்சிலைத் துப்பிவிட்டு, "உன் வேலையைப் பாத்துக்கினு போம்மா" என்றேன். உள்ளே நளினி சிரித்த சத்தம் கேட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு கேட்டேன்.

இன்று காலையில் தானாகவே எழுந்து போய்விட்டாள். நேற்று வகுப்பில் என்ன நடந்தது, புரிந்ததா, யாராவது சிரித்தார்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். ரயிலில் எல்லாம் சொல்லியிருப்பாள். அதை நினைத்தாலே எரிகிறது. நீ வாயைத் திறக்கமாட்டாய் என்பது ஒன்றுதான் நிம்மதி.

உன்னை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அது மாறும் என்று நினைக்காதே. இந்தக் கடிதம் முழுவதும் பென்சில். கடைசி வரி மட்டும் பேனா.

பதில் போடாதே. போட்டால் படித்துவிடுவேன், படித்தால் அவளைக் கேட்டுவிடுவேன்.

மு. முனியப்பன்